கௌட் மாத்திரை ஆரம்பிச்சதும் வலி கூடிடுச்சா? நிறுத்துறதுக்கு முன்னாடி இத படிங்க

கௌட்னா ரத்தத்துல யூரிக் ஆசிட் கூடி, மூட்டுல கிறிஸ்டலா படிஞ்சு வலியும் வீக்கமும் வர்ற நோய். கௌட்னு சொன்னாலே எல்லாரும் சாப்பாட்டுப் பட்டியலத்தான் நீட்டுவாங்க, நண்டு வேணாம் இறால் வேணாம் பருப்பு வேணாம்னு. மாத்திரை ஆரம்பிச்சா மொத சில மாசம் என்ன ஆகும்னு மட்டும் யாரும் சொல்றதில்ல, எனக்கு அதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு.

எனக்கு சிங்கப்பூர் துவாஸ்ல ஷிப்யார்ட் வேலை, நாள் முழுக்க சேஃப்டி பூட்ஸ். கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்குச்சுன்னா பூட்ஸ்ல கால் போகாது, ராத்திரி போர்வை பட்டாக்கூட உசுரு போயிடும். அடிக்கடி வர ஆரம்பிச்சதும் பாலிகிளினிக்ல (அரசாங்க கிளினிக்), வலி அடங்கட்டும், ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் எடுப்போம்னாங்க. ஏன்னா வலி இருக்குறப்ப பாத்தா யூரிக் ஆசிட் நார்மலா காட்டினாலும் காட்டுமாம். ரிசல்ட் ஹெல்த்ஹப் ஆப்ல வந்துச்சு, 560க்கு மேல. ஊர்ல இருக்க தம்பிக்கு ஃபோன்ல சொன்னா ஆடிப்போயிட்டான், அவன் ரிப்போர்ட்ல 8.9தானாம்! அளக்குற யூனிட்தான் வேற, அங்க மில்லிகிராம், இங்க மைக்ரோமோல். அங்க 6ன்னா இங்க கிட்டத்தட்ட 360, அந்த 360க்கு கீழ கொண்டுவந்து அங்கயே நிறுத்தணும், அவ்வளவுதான் வைத்தியம்.

நெறைய பேருக்கு கிட்னி யூரிக் ஆசிட்ட சரியா வெளியேத்தாததுதான் காரணம், சாப்பாட்டோட பங்கு நாம நெனைக்கிறத விட கம்மி. என் பிரஷர் மாத்திரைல ஒன்னு ஒண்ணுக்கு அதிகமா போக வைக்கிற வகை, அதுவும் யூரிக் ஆசிட்ட ஏத்துமாம், டாக்டரே பாத்து லோசார்ட்டனுக்கு மாத்திட்டாரு. பிரஷர் இருக்கவங்க இத ஒரு வார்த்தை கேட்டுடுங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க.

அப்புறம் யூரிக் ஆசிட்ட கொறைக்கிற மாத்திரை அலோபூரினால், 100 மில்லிகிராம்ல ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நாள்லயே வந்துச்சு பாருங்க, இந்தத் தடவ கணுக்கால்ல, அதுவரைக்கும் வராத எடம்! வீட்ல "இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கலங்க, விட்டுடுங்க"ன்னு ஆரம்பிச்சாச்சு, மாமியார் வேற "மாப்ள, மொதல்ல அந்தப் பருப்ப நிறுத்துங்க"ன்னு. பாலிகிளினிக் பார்மசியில ஒரு தமிழ்ப் பொண்ணு இருந்துச்சு, அதுதான் பொறுமையா சொன்னுச்சு, "அங்கிள், மூட்டுல பல வருஷமா படிஞ்ச கிறிஸ்டல் இப்பதான் கரையுது, அது கரையிறப்ப உடம்பு சண்டைக்கு நிக்கும், நிறுத்திட்டு திரும்ப ஆரம்பிச்சா மறுபடி இதே கததான்." வலி வந்தாலும் அலோபூரினால விடக்கூடாது, வலிக்கு தனியா மருந்து குடுப்பாங்க. அந்த மாசங்கள்ல வலி வராம இருக்க கொல்சிசின் சின்ன டோஸும் கூடவே குடுத்தாங்க. அளவு மீறினா வயித்தால போகும், துவாஸ் லைன் எம்ஆர்டி ரயில்ல அந்த ரிஸ்க் எடுக்காதீங்க. கிட்னி பிரச்சனை இருந்தாலோ கொழுப்பு மாத்திரை எடுத்தாலோ அதையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

டெஸ்ட் பண்ணி பண்ணி டோஸ ஏத்தி, 300ல எனக்கு நின்னுச்சு. இப்ப ரீடிங் 340 பக்கம், கொல்சிசின நிறுத்தியாச்சு. எல்லாருக்கும் 300 போதாது, சிலருக்கு அதுக்கு மேலயும் போகும்.

சாப்பாட்டுல நான் கொறச்சது பீர், ஈரல், எலும்பு சூப், நெத்திலி சம்பல், அப்புறம் பாக்கெட் ஜூஸ், பண்டுங் மாதிரி இனிப்புத் தண்ணி. இனிப்பும் யூரிக் ஆசிட்ட ஏத்தும்னு நம்மாளுங்க நம்பவே மாட்டாங்க. பருப்பு, சாம்பார் தாராளமா சாப்பிடுறேன், பயறு வகையில இருக்க பியூரின் கௌட்ட கிளப்புறதா தெரியலன்னு டாக்டரே சொல்லிட்டாரு, மாமியார்தான் இன்னும் ஒத்துக்கல. கோப்பியும் குடிக்கலாம், நான் கோப்பி ஓ கோசோங்குக்கு, அதாவது பாலும் சீனியும் இல்லாத கோப்பிக்கு மாறிட்டேன்.

செலவு பத்தி கேட்டா, நாள்பட்ட நோய் திட்டத்துல கௌட்டும் இருக்கு, மெடிசேவ்ல (நம்ம மருத்துவ சேமிப்புக் கணக்கு) கழிக்கலாம், கிளினிக்ல கேளுங்க.

ஒரே ஒரு விஷயத்துல மட்டும் காத்திருக்காதீங்க. அலோபூரினால் ஆரம்பிச்ச மொத சில மாசத்துல தோல்ல தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண்ணு, கண்ணு செவக்குறதுன்னு எது வந்தாலும் உடனே மாத்திரைய நிறுத்திட்டு அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடுங்க, ரொம்ப அரிதா வர்றதுதான், ஆனா வந்தா உயிருக்கே ஆபத்து. எச்எல்ஏ-பி 5801னு ஒரு மரபணு இருந்தா அந்த ரிஸ்க் அதிகம், சீனர்கள்கிட்ட கூடுதலா பாக்குறாங்க, எல்லாருக்கும் அந்த டெஸ்ட் கட்டாயம் இல்ல, கிட்னி வீக்கா இருக்கவங்க எடுக்கணுமான்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.