குழிக்குள் இறங்கிய குழாய்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, நிவாரணப் பொருள்களோடு கடைமடைக் கிராமம் ஒன்றுக்குச் சென்ற தன்னார்வலர்களில் நானும் ஒருவன். பத்து நாளில் திரும்புவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட்டவன், தண்ணீர் வேலையில் இறங்கி ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டேன்.

மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த முதல் வாரங்கள், வாடகை ஜெனரேட்டரைக் கொண்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவதிலேயே கழிந்தன. மின்சாரம் வந்த பிறகுதான் ஊரின் பழைய குறை கண்ணில் பட்டது. அடிபம்பில் வருவது உப்புநீர். பாத்திரம் கழுவலாம், உலை வைக்க முடியாது. ஆகவே கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நீரையே ஊர் நம்பியிருந்தது. அது தொட்டி வரை வந்தது, மேலத்தெருவுக்கும் வந்தது. கீழத்தெருவுக்குத்தான் வந்து சேரவில்லை.

கீழத்தெருவில் வாசலுக்கு வாசல் இடுப்பளவு குழி வெட்டி, குழாயை அதற்குள் இறக்கியிருந்தார்கள். அழுத்தம் இல்லாத நீர் மேலே ஏறாது. பள்ளத்தில் நூல் போலவாவது வடியும். ஒரு பெரியம்மா குழிக்குள் குந்தி, சொம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றி, நிறைந்த குடத்தை மேலே நின்ற மருமகளிடம் தூக்கிக் கொடுத்தார். ஒரு குடத்துக்குப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அவருடைய கால்கள் சேற்று நீரில் இருந்தன. குழாயில் வரத்து நின்றதும் உள்ளே உண்டாகும் வெற்றிடம் அந்தச் சேற்று நீரைத்தான் இழுத்துக்கொள்கிறது என்பதை அறிந்தபோது, மழைக்காலந்தோறும் அத்தெருக் குழந்தைகளுக்கு ஏன் வயிற்றுப்போக்கு வருகிறது என்பதும் எனக்குப் புரிந்தது.

எந்தத் தெருவுக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் வருகிறது என்று நான்கு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். பங்குனியில் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தபோது, மதகை ஒட்டி ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றது. தோண்டிப் பார்த்தால், வாய்க்காலுக்கு அடியில் செல்லும் குழாயின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படாமல் ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஆண்டு அது. குறுவை போன ஊரில், காய்ந்த வாய்க்காலில் நின்று குழாய் மாற்ற வசதியாயிற்று என்று மகிழ எனக்கு மனம் வரவில்லை.

கசிவை அடைத்த பிறகும் கடைசி வீடுகளுக்கு நீர் போதவில்லை. அப்போது வயலிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "வாய்க்காத் தண்ணிய முறை வச்சுத்தானே தம்பி பாய்ச்சுறோம், குழாத் தண்ணிக்கும் வச்சா என்ன?" என்று கேட்டார். எந்தப் பொறியியல் யோசனையைவிடவும் அதுவே ஊருக்கு எளிதில் விளங்கியது. பிரிவுக் குழாய்களில் இரண்டு வால்வுகள் பொருத்தி, காலையில் முதல் முறையைக் கீழத்தெருவுக்கு விடுவதென ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானித்தார்கள். மேலத்தெருக்காரர்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. மூன்று மணி நேரம் வந்த தண்ணீரை ஒரு மணி நேரமாகக் குறைக்கச் சம்மதிப்பது சிறிய காரியமல்ல. நோட்டைத் தெருவாரியாக வாசித்த பிறகே கைகள் உயர்ந்தன.

குளோரின் வேலை தனி. கடைசிக் குழாயின் நீரில் சோதனைத் திரவம் இரண்டு சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும், எங்களுக்குத் தெரியவில்லை. பிளீச்சிங் பவுடர் மூட்டை வாய் திறந்தபடி ஈர அறையில் கிடந்து வீரியம் இழந்திருந்தது. மூடியுள்ள வாளிக்கு மாற்றி, தொட்டி இயக்குபவரோடு சேர்ந்து அளந்து போடத் தொடங்கிய வாரத்திலேயே மஞ்சள் தெரிந்தது.

2020 பிப்ரவரியில் நான் புறப்பட்டபோது கீழத்தெருக் குழிகள் ஏறத்தாழ எல்லாமே மண் நிரப்பப்பட்டு, குழாய்கள் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தன. பெரியம்மா மட்டும் தம் குழியைப் பனம்பலகையால் மூடி வைத்திருந்தார். ஒரு கோடை முழுக்கத் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிறகுதான் மண் போடுவேன் என்றார்.