ஒழுகுவதற்கென்றே ஒரு அணை

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் வடக்கே யாடெங்கா வட்டாரம். தலைநகர் வாகடூகுவிலிருந்து ஊயிகூயாவுக்குச் சுமார் 180 கிலோமீட்டர் பஸ், அப்புறம் மோட்டார் சைக்கிளில் பின்சீட். இன்று ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து அங்கே பல ஊர்கள் காலி. நான் போனது அதற்கெல்லாம் முன், ஓர் ஆகஸ்டில்.

"இதுதான் அணை" என்று கூட வந்த பையன் காட்டியதும் சப்பென்று ஆகிவிட்டது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, செம்பூரான் கல்லை அடுக்கிய ஒரு வரப்பு. சிமெண்டும் இல்லை, மண் பூச்சும் இல்லை. நீளம் மட்டும் இருநூறு மீட்டர் இருக்கும்.

முந்தின ராத்திரி நல்ல மழை. மேல்புறம் செங்காவி நிறத்தில் தண்ணீர் அகலமாகப் பரவிக் கிடந்தது. நுரை, சோளத்தட்டை, ஆட்டுப்புழுக்கை எல்லாம் கல்லில் அப்பியிருந்தன. இடுக்கில் கையை விட்டேன். விரல் சந்துகளில் தண்ணீர் சுரீரென்று நழுவியது. ஏரிக்கரையில் நண்டு வளையைப் பார்த்தாலே பதறுகிற ஊர்க்காரன் நான். "ஒழுகுதே, அடைக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

நிலத்துக்காரப் பெரியவர் சிரித்தார். அடைத்தால் முதல் வெள்ளத்திலேயே பிய்த்துக்கொண்டு போய்விடுமாம். கசியவிட்டால் வேகம் செத்து, ஓடையில் பாயும் தண்ணீர் வயலெல்லாம் விரிகிறது. வண்டல் மேலேயே தங்குகிறது. அதில்தான் சோளம். அடியில் சரளை, உள்ளே சின்னக் கல், வெளியே பெரிய கல். வழியும் தண்ணீர் அடியைப் பறிக்காதபடி கீழ்ப்புறச் சரிவை நீட்டி விட்டிருக்கிறார்கள்.

தலைமட்டம் ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்கு அவர் எடுத்துவந்த கருவியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. நம் கொத்தனார் மட்டம் பார்க்கிற அதே தண்ணீர் டியூப்! 1980களில் இந்த வட்டாரத்தில் பரவியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சுலபமாகப் பழகிக்கொண்டார்களாம்.

குறையும் உண்டு. கல் ஏராளமாக வேண்டும், லாரி இல்லாமல் நடக்காது. ஊரே கூடிச் சுமக்கிறது, விளைச்சலோ பள்ளத்தில் நிலம் உள்ளவருக்கு. பையன் இதை முணுமுணுத்துக்கொண்டே சொன்னான், பெரியவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும்போது குறுக்கு வழி என்று வண்டலில் கால் வைத்தேன். முழங்கால் வரை உள்ளே. கால் வந்தது, செருப்பு வரவில்லை. பெரியவர் குச்சியால் துழாவிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"அறுவடைக்கு வந்தால் எடுத்து வைப்பாராம்" என்றான் பையன்.