நேரலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்

ஒரு கிறிஸ்தவ சபையில் ஊடகப் பணியாளராக வேலை பார்க்கிறேன். ஞாயிறு ஆராதனையை நேரலையில் கொண்டுபோவதுதான் முதல் பொறுப்பு. கேமரா, சவுண்ட் மிக்ஸர், பாடல் வரிகள் ஓடும் கணினி, யூடியூப் இணைப்பு எல்லாவற்றையும் நானும் சில தன்னார்வலர்களும் பார்த்துக்கொள்கிறோம். இந்த வேலையில் இருப்பதாலேயே ஒரு கேள்வி என்னிடம் அடிக்கடி வரும்: "தம்பி, வீட்டிலிருந்து பார்த்தா அது சபைக்கு வந்த கணக்கா?" சிலர் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். சிலர், வராத யாரையோ மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. ஆனால் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். வர முடியாத ஒருவர் வீட்டில் இருந்தபடி செய்யும் ஆராதனை உண்மையான ஆராதனைதான். அவர் சபையைச் சேர்ந்தவர்தான். ஆனால் அவரைச் சபையோடு சேர்த்துவைப்பது என் கேமரா இல்லை. சபையிலிருந்து யாராவது அவரைத் தேடிப் போகவேண்டும். அது நடக்காத வரை நாங்கள் செய்வது வெறும் ஒளிபரப்புதான்.

கேள்வி புதிதும் அல்ல. 1921 ஜனவரி 2ஆம் தேதி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் மாலை ஆராதனையை கேடிகேஏ வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. வானொலியில் போன முதல் ஆலய ஆராதனை என்று அதைத்தான் சொல்வார்கள். ஒலிபரப்ப வந்த பொறியாளர்கள் சபையாரின் கண்ணை உறுத்தக் கூடாது என்று அவர்களுக்கும் பாடகர் குழுவின் அங்கியைப் போட்டுவிட்டார்களாம். என் தொழிலுக்கு முன்னோடிகள் அவர்கள். அப்புறம் தொலைக்காட்சி வந்தது. அதில் திருப்பலியை, அதாவது கத்தோலிக்கரின் திருவிருந்து ஆராதனையை, பார்ப்பது நேரில் இருப்பதற்கு ஈடாகாது என்று 1957இல் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பயஸ் எழுதினார். அதே திருத்தந்தைதான் இத்தாலியத் துறவியான அசிசியின் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராகவும் அறிவித்தார். நோயில் கிடந்த கிளாரா, ஒரு கிறிஸ்துமஸ் இரவில் ஆலயத்தில் நடந்த வழிபாட்டைப் படுக்கையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. ஈடாகாது என்றவரே படுக்கையில் கிடப்பவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். எனக்கு இது பெரிய ஆறுதல்.

வீட்டில் இருப்பவருக்கு ஆராதனையில் எது போய்ச் சேருகிறது, எது சேரவில்லை என்பதை எனக்குக் காட்டியது ஒலிதான். மிக்ஸரிலிருந்து நேராக எடுக்கும் ஒலி மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் மைக் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து மட்டும்தான் அது வரும். பாடகர்கள், கீபோர்டு, கிட்டார், பிரசங்க பீடம், அவ்வளவுதான். சபையாருக்கு முன்னால் மைக் கிடையாது. ஹாலில் எல்லாரும் தொண்டை வலிக்கப் பாடினாலும், நேரலையில் கேட்பவருக்கு ஆளில்லாத அறையில் நான்கு பேர் பாடுவதுபோலத்தான் இருக்கும். பிரசங்கத்துக்கு நடுவே எழும் "ஆமென்" போகாது. கர்த்தருடைய ஜெபத்தைப் போதகர் தனியாகச் சொல்வதுபோல இருக்கும்.

அதனால் சபையாரை நோக்கி இரண்டு மைக்குகளை உயரத்தில் மாட்டினோம். அந்த ஒலியை ஹால் ஸ்பீக்கருக்கு விடுவதில்லை. விட்டால் கீச்சென்று கத்தும். நேரலைக்கான மிக்ஸில் மட்டும் சேர்க்கிறோம். ஸ்பீக்கரிலிருந்து அந்த மைக்குகளுக்கு ஒலி கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். ஆகவே மேடை மைக்குகளுக்குச் சில மில்லி விநாடி தாமதம் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கவேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் இரட்டையாகக் கேட்கும். இந்த ஏற்பாட்டில் இருமல், குழந்தை அழுகை, நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் நேரலையில் ஏறிவிடுகிறது. குறை சொல்வார்கள் என்று நினைத்தோம். நன்றி சொன்னார்கள். "இப்பதான் உள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்று ஒருவர் குரல்செய்தி அனுப்பினார். எங்களைவிட நன்றாகப் பாடுகிறவர்களும் பிரசங்கிக்கிறவர்களும் யூடியூபில் ஏராளம். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் நேரலைக்கு வருகிறவர், தனக்குத் தெரிந்த மனிதர்களின் சத்தத்தைத் தேடித்தான் வருகிறார்.

படுக்கையோடு இருக்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்கு, டிவியில் நேரலை திறக்கவில்லை என்று சரிசெய்யப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது அவர் கேட்டார்: "தம்பி, பியானோ பக்கத்துல உட்காருவாங்களே, அவங்களைக் கொஞ்ச நாளா காணோமே. உடம்புக்கு ஏதாவதா?" ஹாலில் அந்தப் பெண்மணிக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவர்கள்கூட அதைக் கவனித்திருக்கவில்லை. விசாரித்ததில் அந்தப் பெண்மணியின் வீட்டில் நிஜமாகவே கஷ்டம். போதகருக்குச் சொன்னேன், அன்றைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கட்டிலில் கிடந்தபடி ஒருவர் சபைக்குக் காவல் இருந்திருக்கிறார். இதைப் பார்த்த பிறகும் "வீட்டில் இருப்பவர் பார்வையாளர், ஹாலில் இருப்பவர்தான் சபை" என்று என்னால் சொல்ல முடியாது.

அன்றிலிருந்து மேடையை மட்டும் நெருக்கமாகக் காட்டுவதைக் குறைத்து, சபையார் தெரியும் அகலமான காட்சியைக் கூடுதல் நேரம் வைக்கிறோம். ஒரு கவனமும் தேவைப்படுகிறது. சபைக்கு வருவது வெளியே தெரியக் கூடாது என்ற நிலையில் இருப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் முகம் இணையத்தில் வரவேண்டாம் என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. அவர்களுக்காக ஹாலில் ஒரு பகுதியைக் கேமராவே திரும்பாத இடமாக வைத்திருக்கிறோம்.

நேரலையால் எவ்வளவு முயன்றாலும் முடியாதவையும் உண்டு. 2020இல் ஆலயங்கள் மூடியிருந்தபோது ஜூமில் சேர்ந்து பாடிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். குரல்கள் ஆளுக்கொரு நேரத்தில் வந்து சேரும். பலர் சேர்ந்து வாய் திறந்தால், மென்பொருள் ஒரு குரலைத் தூக்கி மற்றவற்றை அமுக்கிவிடும். சேர்ந்து பாட வேண்டுமானால் ஒருவர் குரல் இன்னொருவருக்கு ஏறக்குறைய 30 மில்லி விநாடிக்குள் கேட்டாகவேண்டும். இணையச் சந்திப்பில் அதைவிடப் பல மடங்கு ஆகிறது. யூடியூப் நேரலையிலோ தாமதம் விநாடிக் கணக்கில். "ஆமென்" சாட்டில் வந்து விழும்போது போதகர் அடுத்த வசனத்துக்குப் போயிருப்பார். ஒரே குரலாய் ஜெபிப்பது என்ற ஒன்றை இந்தக் கருவிகளால் தர முடியவில்லை.

திருவிருந்தில் இது இன்னும் கூர்மையாகிறது. அந்த நாட்களில் சில சபைகள், வீட்டிலேயே அப்பத்தையும் ரசத்தையும் வைத்துக்கொண்டு திரை முன் பங்குகொள்ளச் சொன்னன. சில சபைகள் மறுபடி கூடும்வரை காத்திருந்தன. இணையத்தில் திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சடங்குகள்) கிடையாது என்று வத்திக்கான் 2002ஆம் ஆண்டு ஆவணத்திலேயே சொல்லிவிட்டது. லூத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட்டு இதே சடங்குகள் சரியாக நிறைவேறும் பரிசுத்தவான்களின் கூட்டமே சபை என்கிறது. பிரசங்கத்தைத் திரை வழியாக அனுப்பலாம். அப்பத்தை யாராவது கையில் எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

அப்படித்தான் ஆதியிலும் செய்தார்கள். கி.பி. 155 வாக்கில் இரத்தசாட்சி ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்கிறார்கள் என்பதை ரோமப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். வேதவாசிப்பு, ஜெபம், அப்பமும் திராட்சரசமும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வராதவர்களுக்கு அவர்களுடைய பங்கை உதவிக்காரர்கள் எடுத்துப்போய்க் கொடுக்கிறார்கள் என்கிறார். எனக்கு இந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடிவதில்லை. வராதவருக்கும் அங்கே ஒரு பங்கு உண்டு, அதைக் கொண்டுபோக ஓர் ஆளும் உண்டு. எங்கள் சபையிலும் மூப்பர்கள் (சபைப் பொறுப்பாளர்கள்) படுக்கையில் இருப்பவர்களுக்குத் திருவிருந்தைக் கொண்டுபோகிறார்கள். அந்த அம்மாவுக்குக் கிடைத்த சபை, நேரலையும் இதுவும் சேர்ந்ததுதான்.

வரக்கூடிய உடல்நலமும் வாய்ப்பும் இருந்தும் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களின் விஷயம் வேறு. அவர்களிடம் நான் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவேன். "சபை கூடிவருதலை" விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10:25 சொல்லும்போது, ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. வீடியோவில் பிடிக்காத பகுதியைத் தள்ளிவிடலாம், பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். பக்கத்து நாற்காலியில் அழுதுகொண்டிருக்கும் மனிதரை அப்படித் தாண்டிப் போக முடியாது. நீங்கள் வராததால் உங்களுக்கு நஷ்டம் என்பது பாதிதான். துணையில்லாமல் தனியாக வருகிறவர் பக்கத்தில் உட்கார அன்றைக்கு ஆள் இல்லாமல் போகிறது. "இரண்டுபேராவது மூன்றுபேராவது" தம் நாமத்தினாலே கூடும் இடத்தில் தாம் இருப்பதாக இயேசு சொன்ன வசனத்தை எடுத்துக்காட்டுவார்கள். சரி, அந்த இரண்டாவது ஆள் யார்? அவருக்கு உங்கள் பெயர் தெரியுமா?

யோவான் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுத நிறைய இருந்தும் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, நேரில் வந்து "முகமுகமாய்ப் பேசலாமென்று நம்பியிருக்கிறேன்" என்கிறார். அதையும் அவர் காகிதத்தில்தான் எழுதியனுப்பினார். போக முடியாதபோது கடிதம், போக முடிந்தால் தாமே. 2020 ஏப்ரல் 17ஆம் தேதி காலைத் திருப்பலியில் திருத்தந்தை பிரான்சிஸும் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்: இது நெருக்கடிக் காலத்துச் சபை, சுரங்கப்பாதையைவிட்டு வெளியே வரத்தான் வேண்டும், அதற்குள்ளேயே தங்கிவிடக் கூடாது.

ஆலயங்கள் திறந்த பிறகு எங்கள் கமிட்டியில் நேரலையை நிறுத்திவிடலாமா என்று பேச்சு வந்தது. ஹாலுக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள் என்ற கவலை நியாயமானதுதான். இன்னொரு பக்கம், பார்வை எண்ணிக்கை நன்றாக இருக்கிறதே என்றார்கள். அந்த எண்ணிக்கையை நம்பவேண்டாம் என்று சொன்னேன். அப்போது ஃபேஸ்புக்கில் 3 விநாடி ஓடினாலே ஒரு பார்வை என்று கணக்கு. குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்களும், யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோனும் பார்வை எண்ணிக்கையில் ஒன்றுதான். எண்களுக்குப் பதிலாகப் பெயர்களை எடுக்கலாம் என்றேன். போதகரும் அதையே விரும்பினார்.

இப்போது ஆராதனை நேரத்தில் ஒருவர் சாட்டில் மட்டும் இருக்கிறார். வருகிறவர்களைப் பெயர் சொல்லி வரவேற்கிறார், ஜெபவிண்ணப்பம் வந்தால் பதில் எழுதுகிறார். ஆசீர்வாதம் முடிந்ததும் இணைப்பைத் துண்டிப்பதில்லை. ஹாலில் எல்லாரும் நின்று பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஒரு ஜூம் அறையைத் திறந்து, வீட்டில் இருப்பவர்களோடு பேச ஹாலிலிருந்து இரண்டு மூன்று பேர் வந்து உட்காருகிறார்கள். ஹாலில் வாயே திறக்காத சிலர் அங்கே மனம் விட்டுப் பேசுகிறார்கள். திங்கட்கிழமை மூப்பர்கள் கைக்கு ஒரு பட்டியல் போகிறது: யார் நேரலையில் இருந்தார்கள், வழக்கமாக இருப்பவர்களில் யாரைக் காணோம், யாரை நேரில் போய்ப் பார்க்கவேண்டும். அந்தப் பட்டியல் மூப்பர்களால் தனியாகச் சமாளிக்க முடியாத அளவுக்கு நீண்டுவிட்டது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் என் துறைக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். வீடுகளுக்குப் போய்வர இன்னும் சில பேரைத்தான் கேட்கப்போகிறேன். கேமரா இப்போதைக்கு நன்றாகத்தான் ஓடுகிறது.