பெரிய பகு எண் வினாவில் வந்தால்: குரூப் 4 தயாரிப்பு அனுபவம்

குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் திறனறிவுப் பகுதிக்கு 25 வினாக்கள்தாம். ஆனால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர்களுடன் சேர்ந்து எழுதிய முதல் மாதிரித் தேர்விலேயே அவற்றுள் ஒன்று என்னுடைய பத்து நிமிடங்களைத் தின்றுவிட்டது. 720720 என்ற எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் என்பதே அந்த வினா. நான் 1, 2, 3, 4 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பட்டியல் போடத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் எதை எழுதினேன், எதை விட்டேன் என்பதே குழம்பிப்போய், கடைசியில் ஏதோ ஒரு வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு நகர்ந்தேன்.

எங்களுக்கு முன்பே தேர்ச்சி பெற்று வேலையிலும் சேர்ந்துவிட்ட அக்கா ஒருவர்தான் தாள்களைத் திருத்தினார். "தம்பி, 720-ஐ ரெண்டு தடவ பக்கத்துல பக்கத்துல எழுதியிருக்காங்க, கண்ணுல படலையா?" என்றார். மூன்றிலக்க எண் ஒன்றை அடுத்தடுத்து இருமுறை எழுதினால் அது 1001-இன் மடங்காகும். 1001 என்பது 7 × 11 × 13. எனவே 720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13. ஒரு வகுத்தியில் 2 என்பது ஒருமுறைகூட வராமலிருக்கலாம், நான்கு முறை வரையிலும் வரலாம். ஆக ஐந்து வாய்ப்புகள். இப்படியே ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240 கிடைக்கிறது. "1-ம் அதே எண்ணும் நீங்கலாக" என்று வினாவில் இருந்தால் 238. இந்த ஒரு தொடரைப் படிக்காமல் விட்டு மதிப்பெண் இழந்தவர்கள் எங்கள் குழுவிலேயே மூவர்.

அடுத்த வாரம் அவர் பயிற்சிக்குக் கொடுத்தது 6746328388800. இராமானுசன் 1915-இல் வெளியிட்ட உயர் பகு எண்கள் பற்றிய கட்டுரையின் அட்டவணையில் கடைசியாக நிற்கும் எண் இது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான வகுத்திகள் உடையது. வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தோம்: 800 − 388 + 328 − 746 + 6. விடை சுழியம், அதனால் எண் 1001-இன் மடங்கு. ஒரே வரியில் 7, 11, 13 ஆகிய மூன்றாலும் வகுபடும் என்று தெரிந்துவிட்டது. இலக்கங்களின் கூடுதல் 63 என்பதால் 9-ஆலும் வகுபடும். மீதியைப் பொறுமையாக வகுத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என்று முடிகிறது.

இந்த வரியை எழுதியபின் நெடிய எண்ணைத் திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. அடுக்கு 1 உள்ள ஐந்து பகா எண்களுக்கு 2⁵ = 32 என்பதால், வகுத்திகள் 7 × 5 × 3 × 3 × 32 = 10080. ஒற்றைப்படை வகுத்திகள் வேண்டுமானால் 2-க்குரிய 7-ஐ விட்டுவிட வேண்டும், விடை 1440. முழு வர்க்கமான வகுத்திகளுக்கு இரட்டைப்படை அடுக்குகளை மட்டும் (0 உட்பட) எண்ணினால் 4 × 3 × 2 × 2 = 48. எந்த மிகச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்றால், அடுக்கு ஒற்றைப்படையாக உள்ள 11, 13, 17, 19, 23 ஆகியவற்றின் பெருக்கற்பலனாகிய 1062347.

எல்லாப் பெரிய எண்ணும் இப்படி எளிதில் உடையாது. 4294967297-ஐ 641 வகுக்கும் என்று 1732-இல் காட்டக் கணித மேதை ஆய்லரே வர வேண்டியிருந்தது. தேர்வுத்தாளில் வருபவை சிறிய பகா எண்களால் கட்டப்பட்டவை என்பதால், 23 வரை முயன்றும் உடையவில்லை என்றால் நான் அந்த வினாவைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

அந்த அட்டவணையில் இராமானுசனிடம் விடுபட்டுப்போன எண்ணையும் அக்கா பிறகு கணக்காகக் கொடுத்தார்: 293318625600. முந்தைய எண்ணிலிருந்து 23-ஐ மட்டும் நீக்கினால் இது வரும். வகுத்திகள் சரிபாதியாக 5040. அதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.