3.5 என்ற ரிப்போர்ட்டை நம்பி நாங்கள் மதுரைக்குப் போகாமல் இருந்திருந்தால்

அப்பச்சிக்கு 69 வயது. காரைக்குடிக்கும் மதுரைக்குமாக நாங்கள் அலைந்து முடித்த பி.எஸ்.ஏ. கதை இது. ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்க எடுக்கும் ரத்தப் பரிசோதனை அது. ஆறு பயணத்தில் இரண்டு வீண். வீட்டில் அறுபது தாண்டிய ஆண்கள் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் டெஸ்ட் எடுத்ததே தப்பான நேரம். அப்பச்சிக்கு நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல், மூத்திரம் அடைத்து டியூப் போட்டு எடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மற்ற ரத்தப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்துவிட்டார்கள். 14.6 வந்தது. ரிப்போர்ட்டைக் கொடுத்த லேப் தம்பி, "4-க்கு மேல போனாலே கேன்சர்ண்ணே" என்று அப்பச்சியின் காதுபடச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பச்சி முகப்பில் வந்து உட்காருவதையே விட்டுவிட்டார். ஆத்தா பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டார்.

மதுரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் தேதியைத்தான் கேட்டார். பி.எஸ்.ஏ. என்பது பிராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். நல்ல சுரப்பியும் சுரக்கும், நோயுள்ள சுரப்பியும் சுரக்கும். கிருமித் தொற்று, வீக்கம், டியூப் எதுவானாலும் அது ரத்தத்தில் அதிகமாகக் கசியும். தொற்று தீர்ந்து ஆறு வாரம் கழித்து எடுத்து வாருங்கள் என்றார். அந்த 14.6-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாதாம். இரண்டு வாரமாக வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை, அத்தனையும் இதற்காகவா என்று இருந்தது.

ஆறு வாரம் கழித்துக் காரைக்குடியிலேயே எடுத்தோம். 3.5. ரிப்போர்ட்டின் ஓரத்தில் 'இயல்பு 4-க்குள்' என்றே அச்சிட்டிருந்தது. ஆத்தா பால் பணியாரம் சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார். இனி டாக்டரிடம் போவானேன் என்றுகூட அப்பச்சி கேட்டார். முன்பதிவு செய்திருந்ததால்தான் போனோம்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, மூத்திரம் நல்லாப் போறதுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" அப்பச்சி ஒன்றரை வருஷமாக ராத்திரி ஒரு கேப்சூல் போடுகிறார். வேறொரு டாக்டர் எழுதியது. வீட்டில் அதை 'மூத்திர மாத்திரை' என்போம், பெயர் யாருக்கும் தெரியாது. ஊருக்குப் போன் போட்டு, ஆத்தாவை அட்டையை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னேன். டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்தது. டூட்டாஸ்டெரைடு, ஃபினாஸ்டெரைடு இரண்டுமே ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ.-வை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். ஆக, எங்கள் 3.5 உண்மையில் 7. காரைக்குடியில் ரத்தம் எடுத்த இரண்டு முறையும் இந்த மாத்திரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

4-க்கும் 10-க்கும் நடுவில் இருந்தால் அடுத்தது ஃப்ரீ பி.எஸ்.ஏ. இந்தப் புரதத்தில் பெரும்பகுதி ரத்தத்தில் வேறு புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்சம் தனியாகத் திரியும். தனியாக இருப்பது 25 சதவீதத்துக்கு மேல் என்றால் பயம் குறைவு, 10-க்குக் கீழே என்றால் பயம் அதிகம். மாத்திரை இரண்டையும் ஒரேபோலக் குறைப்பதால் விகிதம் பெரிதாக மாறாதாம்.

இங்கேதான் இரண்டாவது வீண் பயணம். மறுபடி காரைக்குடியில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரத்தம் கொடுத்தோம். ஞாயிறு வண்டி இல்லை, திங்கள்தான் வெளியூர் லேபுக்குப் போயிருக்கிறது. அது தெரியாமல் புதன்கிழமை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, திருப்பத்தூர், மேலூர் வழியாக பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டோம். ரத்தம் எடுத்த தேதியையும் சோதித்த தேதியையும் பார்த்து டாக்டர் ஓரமாக வைத்துவிட்டார். ஃப்ரீ பி.எஸ்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். சில மணி நேரத்துக்குள் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விகிதம் பொய்யாக இறங்கும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றே மதுரையில், சொந்தமாக மெஷின் இருக்கும் லேபில் மறுபடி எடுத்தோம்: மொத்தம் 3.5, ஃப்ரீ 0.38. கிட்டத்தட்ட 11 சதவீதம்.

ஆகவே ரத்தம் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: டெஸ்ட் இங்கேயே செய்வீர்களா, சீரத்தை எத்தனை மணிக்குப் பிரிப்பீர்கள்? முந்தைய இரண்டு நாள் சைக்கிள் வேண்டாம், உடலுறவும் வேண்டாம். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், சில மெஷின்களில் அது அளவைக் குறைத்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் எண் மாறும்.

விகிதம் 10-ஐ ஒட்டி இருந்ததால் அடுத்தது எம்.ஆர்.ஐ. அது ஒரே நாளில் முடிந்தது. ஐந்துக்கு நான்கு என்று சந்தேகக் குறி போட்டிருந்தார்கள். அதன்பிறகுதான் பயாப்ஸி. பி.எஸ்.ஏ. எண் மட்டும் புற்றுநோய் என்று சொல்லாது, சதைத் துணுக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டு துணுக்கில் புற்றுநோய் இருந்தது. புற்றுநோயின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 3+3. மெதுவாக வளரும் வகை, இப்போதைக்கு அறுவையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம், கண்காணித்தால் போதும் என்றார் டாக்டர். அப்பச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. எடுக்க வேண்டும். அடுத்தது ஐப்பசியில். ஃபைலின் முதல் பக்கத்தில் அந்தக் காலி மாத்திரை அட்டையை ஒட்டி, பக்கத்தில் 'இரண்டால் பெருக்கவும்' என்று ஆத்தா தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். அப்பச்சி நேற்றுச் சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.