கல்லூரி வளாகத்தில் எழுந்து நடக்கும் பிணங்கள்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 3

இந்த மாதம் முழுக்க ஒரே வகைப் படங்கள்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரி வளாகம், அங்கே ஓர் ஆய்வகம், அதிலிருந்து கிளம்பும் ஏதோ ஒரு விபரீதம், பயமும் சிரிப்பும் கலந்த கூத்து. இந்தப் படங்கள்மேல் எனக்குத் தீராத பிரியம். மலிவான சரக்கு என்று ஒதுக்குகிறவர்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. பார்க்கப் பார்க்க எழுதுகிறேன்.

முதலில் 'மான்ஸ்டர் ஆன் தி கேம்பஸ்'. 1958, யுனிவர்சல், இயக்கம் ஜாக் ஆர்னால்ட். மடகாஸ்கரிலிருந்து ஒரு சீலகாந்த் மீன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்கிறது. கெட்டுப்போகக் கூடாது என்று அதன்மேல் காமா கதிர் பாய்ச்சியிருக்கிறார்கள். வண்டியிலிருந்து வழியும் ரத்தத் தண்ணீரை ஒரு நாய் நக்குகிறது, கோரைப்பல் நீண்டு ஆதிகால ஓநாயாகிறது. மீன்மேல் உட்கார்ந்த தட்டான் ராட்சத அளவுக்கு வளர்கிறது. பேராசிரியர் பிளேக் மீனின் பல்லில் கையைக் கிழித்துக்கொண்டு குரங்கு மனிதனாக மாறுகிறார். மாறியது தான்தான் என்பது அவருக்கே தெரியாது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அடுத்து வருகிறது: கொல்லப்பட்ட தட்டானின் ரத்தம் அவருடைய புகைக்குழாயில் சொட்டுகிறது, அவர் அதைப் பற்றவைத்து நிம்மதியாக இழுக்கிறார்.

பிளேக்காக நடிக்கும் ஆர்தர் ஃபிரான்ஸ் அந்தக் குழாயைப் பிடிக்கும்போது முகத்தில் துளி விளையாட்டு இல்லை. படம் எடுத்தவர்கள் பயமுறுத்தத்தான் நினைத்தார்கள். நமக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த மனிதர்மேல் இரக்கமும் வருகிறது. தன் ஆராய்ச்சி தன்னையே என்ன செய்கிறது என்று தெரியாமல் அதிலேயே மூழ்கிக் கிடக்கும் ஆசிரியர் அவர்.

மீன் மட்டும் நிஜம். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் ஊரில், அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த மார்ஜோரி கோர்ட்னி லாட்டிமர் ஒரு மீன்பிடிக் கப்பலில் குவிந்துகிடந்த மீன்களுக்கு நடுவே அதைக் கண்டெடுத்தார். டைனோசர்களோடு சேர்ந்து, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அழிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்திருந்த இனம். அதைக் கெடாமல் வைக்க வழியில்லாமல் உள்ளுறுப்புகள் வீணாகிப்போயின. அடுத்த மீன் கிடைக்க 1952 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. படத்தில் அந்தக் காமா கதிர் ஏன் வருகிறது என்று இப்போது புரிகிறது. விஞ்ஞானிகளின் உண்மையான தவிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கதையை அளந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 5

படம் இல்லை, படிப்பு மட்டும். ராபர்ட் கார்னிஷ் என்பவரைப் பற்றி. 1934இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், மூச்சை நிறுத்திக் கொன்ற நாய்களை உயிர்ப்பிக்க முயன்றவர். உடலை ஏற்றப்பலகை மாதிரி ஒன்றில் கட்டி மேலும் கீழும் ஆட்டி ரத்தத்தை ஓடவைப்பது, அட்ரினலின் ஊசி போடுவது, இதுதான் அவர் முறை. சில நாய்கள் மூச்சுவிட்டன. ஆனால் பழைய நாயாகத் திரும்பி வரவில்லை. நாய்களுக்கு அவர் வைத்த பெயர் லாசரஸ். பைபிளில் ஏசு உயிர்ப்பித்த மனிதனின் பெயர். அடுத்த ஆண்டே அவர் 'லைஃப் ரிட்டர்ன்ஸ்' என்ற படத்தில் டாக்டர் கார்னிஷாகவே நடித்தார். 1947இல் மரண தண்டனைக் கைதி ஒருவர் தன் உடலை அவருக்குத் தர முன்வந்தார், கலிஃபோர்னியா அரசு அனுமதிக்கவில்லை.

இதைப் படித்த பிறகு எந்தப் படத்தையும் 'நம்ப முடியாத கதை' என்று சொல்லத் தோன்றவில்லை.

அக்டோபர் 8

'ரீ அனிமேட்டர்', 1985. இந்த வகையில் இதற்கு மேல் ஒரு படம் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இயக்குநர் ஸ்டூவர்ட் கார்டன் சிகாகோ நாடக மேடையிலிருந்து வந்தவர். மூலக்கதை எச். பி. லவ்கிராஃப்ட் 1922இல் 'ஹோம் புரூ' என்ற பத்திரிகையில் தொடராக எழுதியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆர்க்கம் என்ற கற்பனை ஊர், அங்கே மிஸ்கடானிக் என்ற கற்பனைப் பல்கலைக்கழகம். மருத்துவம் படிக்க வரும் ஹெர்பர்ட் வெஸ்ட் ஒரு பச்சை மருந்து வைத்திருக்கிறான். இருட்டில் ஒளிரும். செத்த உடலில் ஏற்றினால் எழுந்து கத்தும், கண்டதை அடித்து நொறுக்கும்.

இந்தப் படத்தை உயரத்தில் வைப்பது ரத்தம் இல்லை. (ரத்தம் தாராளமாக இருக்கிறது. தணிக்கைத் தரச் சான்றிதழ் வாங்காமலேதான் வெளியிட்டார்கள்.) உயரத்தில் வைப்பது கல்லூரி விவகாரம். வகுப்பில் டாக்டர் ஹில் மூளைச்சாவு பற்றிப் பாடம் நடத்துகிறார். வெஸ்ட், அவர் சொல்வதெல்லாம் தன் பழைய ஆசிரியர் டாக்டர் குரூபரிடமிருந்து திருடியது என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். பாடம் நடக்கும்போதே பென்சிலை ஒவ்வொன்றாகப் படக் படக்கென்று உடைக்கிறான். வெஸ்டாக நடிக்கும் ஜெஃப்ரி கோம்ப்ஸ் அதைச் செய்யும் விதத்தில் எத்தனை ஆத்திரம்! அறைத்தோழன் டான் நல்ல பையன், டீன் மகள் மெகனைக் காதலிக்கிறான். வெஸ்டின் ஆராய்ச்சியைப் பற்றி டீனிடம் போய்ச் சொன்னதற்கு அவனுக்குக் கிடைப்பது கல்விக்கடன் ரத்து. பிணம் எழுந்து வருவதற்கு முன்பே அந்தப் பையன் வாழ்க்கை கவிழ்ந்துவிட்டது.

ஹில் வருகிறார், மிரட்டுகிறார், மருந்தையும் குறிப்புகளையும் தன் பெயரில் வெளியிடப் பார்க்கிறார். வெஸ்ட் மண்வெட்டியால் தலையைத் துண்டிக்கிறான். தலை நேராக நிற்கவில்லை என்று மேஜையில் காகிதம் குத்திவைக்கும் கம்பியில் செருகி, மருந்தை ஏற்றுகிறான். தலை பேசுகிறது! தலையில்லாத உடல் தட்டித் தடவி வந்து வெஸ்டை வீழ்த்துகிறது. பிறகு மருத்துவமனைக்குள் நுழைய, கழுத்தின்மேல் பொம்மைத் தலை ஒன்றை வைத்துக்கொண்டு நடக்கிறது. உருண்டு உருண்டு சிரித்தேன். ஆனாலும் யோசித்தால், தலை போன பிறகும் அந்த மனிதர் விடாமல் துரத்துவது மாணவனின் கண்டுபிடிப்பைத்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசிப் பகுதியில் மெகனைப் பிணவறை மேஜையில் கட்டிவைத்து அந்தத் தலை செய்யும் கொடுமையை என்னால் ரசிக்க முடியவில்லை. பார்பரா கிராம்ப்டன் அந்தக் காட்சி வரைக்கும் மெகனை உயிருள்ள பெண்ணாக வளர்த்துக்கொண்டு வந்திருந்தார். அவளுக்கு அப்படி ஒரு காட்சி தேவையே இல்லை.

அக்டோபர் 9

அக்கா மகனிடம் ஃபோனில் கதை முழுக்கச் சொன்னேன். அவன் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறான். பேசும் தலையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தவன், பென்சில் காட்சியைச் சொன்னதும் சிரிக்கவில்லை. "மாமா, எங்க பக்கத்து லேபில ஒருத்தனோட மூணு வருஷ வேலை, பேப்பர்ல அவன் பேரே இல்லாம வந்துடுச்சு. அவன் எந்தப் பென்சிலையும் உடைக்கல" என்றான்.

அக்டோபர் 12

'நைட் ஆஃப் தி கிரீப்ஸ்', 1986. ஃபிரெட் டெக்கரின் முதல் படம். திகில் பட ரசிகர்களுக்கு அவர் வைத்த விருந்து பெயர்களிலேயே தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் கோர்மன், நாயகன் ரொமேரோ, நண்பன் ஹூப்பர், நாயகி குரோனன்பெர்க், துப்பறிவாளர் கேமரூன். எல்லாம் இயக்குநர்களின் பெயர்கள். டெக்கருக்கு இவர்கள்மேல் இருக்கும் பாசம் படம் முழுக்கத் தெரிகிறது.

கதை 1959இல் கறுப்பு வெள்ளையில் ஆரம்பம். விண்கலத்திலிருந்து ஒரு குடுவை விழுகிறது, அதிலிருந்த அட்டை போன்ற புழு ஒரு பையனின் வாய்க்குள் பாய்கிறது. 1986இல் நாயகன் கிறிஸும் நண்பன் ஜே.சி.யும் மாணவர் விடுதிச் சங்கம் ஒன்றில் சேர ஆசைப்படுகிறார்கள். சேர வேண்டுமானால் ஒரு பிணத்தைத் திருடி வர வேண்டும் என்கிறது அந்தக் கும்பல். இவர்கள் ஆய்வகத்தில் உறைந்து கிடந்த அதே பையனை எழுப்பிவிடுகிறார்கள். புழுக்கள் தலைக்குள் குடியேறி, முட்டையிட்டுப் பெருகி, மண்டை பிளந்து வெளியே வருகின்றன. கடைசியில் கோட்டு சூட்டு போட்டு நடனத்துக்குக் கிளம்பிய பையன்கள் அத்தனை பேரும் பிணங்களாக வந்து பெண்கள் விடுதியைச் சூழ்கிறார்கள். துப்பறிவாளராக வரும் டாம் அட்கின்ஸ் ஜன்னலருகே நின்று அந்தப் பெண்களிடம், நல்ல செய்தி உங்கள் ஜோடிகள் வந்துவிட்டார்கள், கெட்ட செய்தி அவர்கள் செத்துவிட்டார்கள் என்று சொல்லும் இடத்தில் கைதட்டினேன்.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஜே.சி. ஊன்றுகோலோடு நடக்கும் பையன். படத்திலேயே அதிகம் சிரிக்க வைப்பவன், நண்பனின் காதலுக்காக ஓடியாடுபவன் (ஊன்றுகோலோடுதான்). கழிவறையில் புழுக்களிடம் தனியாக மாட்டிக்கொள்கிறான். பிறகு கிறிஸுக்குக் கிடைப்பது ஒலிநாடாவில் அவன் பேசி வைத்த குரல். புழுவுக்கு நெருப்பு ஆகாது என்று கண்டுபிடித்ததை, சாகும் நேரத்தில், நண்பன் பிழைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்தக் காட்சியில் எந்தக் கேலியும் இல்லை. கண் கலங்கிவிட்டது. படம் வெளியானபோது ஓடவில்லை என்பது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

பிணம் திருடுவதற்கும் பழைய வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டு மாணவர்கள் உடற்கூறு படிப்பதற்காகக் கல்லறை தோண்டியிருக்கிறார்கள். 1788இல் நியூயார்க்கில் இதற்காக மக்கள் மருத்துவமனையையே சூறையாடினார்கள். 1831இல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்ட பிறகுதான் உரிமை கோரப்படாத உடல்களை முறைப்படி வாங்க வழி பிறந்தது. தோண்டப்பட்டவை பெரும்பாலும் ஏழைகளின், கறுப்பின மக்களின் கல்லறைகள். இந்தப் படங்கள் அதைத் தொடுவதில்லை.

அக்டோபர் 13

மூளைக்குள் புகும் புழு பற்றி ஒரு குறிப்பு. ஓஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை எறும்பை ஆட்டிவைப்பது தெரிந்ததுதான்: செடியில் ஏறவைத்து, இலையைக் கடிக்கவைத்து, கொன்று, தலையிலிருந்து காம்பாக முளைக்கும். 2017இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது தசை முழுக்கப் பூஞ்சை பரவியிருந்தது, மூளைக்குள் மட்டும் நுழையவே இல்லை. டெக்கரின் புழுவைவிட இது பயங்கரம்.

அக்டோபர் 18

தீபாவளிக்கு மருமகன் வந்திருக்கிறான். சேர்ந்து 'ஹேப்பி டெத் டே' (2017). இயக்கம் கிறிஸ்டோபர் லாண்டன். படப்பிடிப்பு நியூ ஆர்லியன்ஸில் லயோலா பல்கலைக்கழகத்தில். ட்ரீ என்ற மாணவி தன் பிறந்தநாளில் கொல்லப்படுகிறாள், அதே நாள் காலையில் மறுபடி விழிக்கிறாள், மறுபடி கொல்லப்படுகிறாள். கொலைகாரன் அணிவது குழந்தை முகமூடி. அது அந்தக் கல்லூரி அணியின் சின்னமாம். 48 லட்சம் டாலரில் எடுத்து 12 கோடிக்கும் மேல் வசூலித்த படம். ட்ரீயாக நடித்த ஜெசிகா ராத் இல்லாவிட்டால் படமே இல்லை.

இன்று இவ்வளவுதான், வீட்டில் அதிரச வேலை.

அக்டோபர் 19

இரண்டாம் பாகம், 2019. முதல் படத்தில் காரணமே சொல்லாத அந்தச் சுழற்சிக்கு இதில் காரணம் வருகிறது: மாணவர்கள் கல்லூரி ஆய்வகத்தில் கட்டிய குவாண்டம் இயந்திரம். ட்ரீ இன்னோர் உலகத்தில் போய் விழுகிறாள், அங்கே செத்துப்போன அவள் அம்மா உயிரோடு இருக்கிறாள்.

திரும்பிப் போகச் சரியான சமன்பாடு வேண்டும். நண்பர்கள் தினமும் சிலவற்றைச் சோதிக்கிறார்கள், ஆனால் அதே நாள் மறுபடி தொடங்கும்போது ட்ரீயைத் தவிர யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. அதனால் அறிவியலே தெரியாத ட்ரீ அத்தனை சமன்பாடுகளையும் மனப்பாடம் செய்கிறாள், நாள் முடிவில் தானே ஒரு வழியில் செத்து அடுத்த காலையில் ஒப்பிக்கிறாள். விமானத்திலிருந்து குதிக்கிறாள், மரம் அரைக்கும் இயந்திரத்தில் விழுகிறாள். தியேட்டரே அதிரும் அளவுக்குச் சிரிப்பு அந்தக் காட்சிகளில் இருக்கிறது. இன்னொரு பக்கம், எந்த உலகத்தில் இருப்பது என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். அம்மாவிடம் அதைப் பேசுகிற இடத்தில் படம் அவசரப்படவே இல்லை.

டீன் வந்து இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதும் மருமகன் எழுந்து உட்கார்ந்தான். "இங்கயும் டீனா?" என்றான். ஆமாம், இங்கேயும் டீன்தான்.