ஏப்ரல் 25 விடியலில் எங்கே நிற்பது?

கலிப்போலி ஒரு தோல்வி. ஆஸ்திரேலியாவில் குடியேறும் நம்மவர்கள், ஏப்ரல் 25இல் வரும் போர் நினைவு நாளான அன்சாக் தினத்தைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டெல்லி குடியரசு தின அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ராணுவ நினைவு நாள் என்றால் பீரங்கியும் ஏவுகணையும்தான் கண்முன் வரும். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ராணுவச் சீருடையும் வெற்றி விழாவும் கிளறிவிடுவது வேறு. ஏப்ரல் 25 இந்த இரண்டு வகையிலும் சேராது. முதல் உலகப் போரின்போது, 1915இல் அதே நாளில் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் கரையிறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் (ஆங்கிலச் சுருக்கம்தான் 'அன்சாக்') எட்டு மாதம் மலைச்சரிவில் தாக்குப்பிடித்தன. டிசம்பரில் சத்தமில்லாமல் பின்வாங்கின. ஆஸ்திரேலியர் மட்டும் எட்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1901இல்தான் ஒரே நாடாகச் சேர்ந்திருந்த மக்கள், தங்கள் அடையாளத்தை அந்தச் சரிவில் கண்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் அன்று வெற்றி முழக்கம் கிடையாது. யாருக்கும் "ஹேப்பி அன்சாக் டே" என்று வாழ்த்து அனுப்பிவிடாதீர்கள்.

எந்தச் சிற்றூருக்குப் போனாலும் முச்சந்தியிலோ பூங்காவிலோ பெயர்கள் செதுக்கிய கல் ஒன்று நிற்கும். பெயர்களை வாசித்துப் பாருங்கள். பல கற்களில் இறந்தவர்களோடு உயிரோடு திரும்பியவர்களும் இருப்பார்கள். இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் சிலுவையோ நட்சத்திரமோ இருக்கும். முதல் உலகப் போருக்குப் போன ஆஸ்திரேலியப் படையில் எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்கள். கட்டாய ராணுவச் சேவைக்காக 1916இலும் 1917இலும் நடந்த வாக்கெடுப்புகள் இரண்டையும் மக்கள் தோற்கடித்தார்கள். ஆகவே "போனதே" பெருமையாயிற்று, போகாதவன் பெயர் கல்லில் இல்லை என்பது ஊருக்கே தெரிந்தது. ஐம்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகையில் நான்கு லட்சத்துக்கு மேல் சேர்ந்தார்கள், அறுபதாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்கள் புதைக்கப்பட்டது கடல் கடந்த நாடுகளில். குடும்பங்களுக்கு இந்தக் கல்தான் கல்லறை. அதன் படியில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் பிள்ளைகளை ஏறி விளையாட விடுவதையும் ஊர்க்காரர்கள் ஏன் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

விடியல் அஞ்சலிக்கு, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் 'டான் சர்வீஸு'க்கு, முன்பதிவு பெரும்பாலான ஊர்களில் கிடையாது. தொடங்கும் நேரம் இடத்துக்கு இடம் மாறும்; நான்கு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில் எதுவாகவும் இருக்கலாம். உள்ளூர் கவுன்சில் அல்லது ஆர்.எஸ்.எல். எனப்படும் முன்னாள் படைவீரர் சங்கக் கிளையின் அறிவிப்பைப் பாருங்கள். பெருநகரங்களில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால்தான் கல் கண்ணுக்குத் தெரியும். புறநகர்க் கிளை என்றால் அரைமணி போதும், நிகழ்வு நெருக்கமாகவும் இருக்கும். முதன்முறை போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். மெல்பர்ன், கான்பெராவில் ஏப்ரல் அதிகாலைக் குளிர் கடுமை, அதோடு நாற்பது நிமிடமாவது நின்றபடியே இருக்க வேண்டும்.

நான்கு வீரர்கள் நினைவுத்தூணின் நான்கு மூலையிலும் வெளிப்புறம் பார்த்து, துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, தலை குனிந்து நிற்பார்கள். பேச்சு, பிரார்த்தனை, மலர்வளையம் முடிந்ததும் 'ஓட்' என்னும் நான்கு வரிக் கவிதை வாசிக்கப்படும். அதன் கடைசி வரியைக் கூட்டம் திருப்பிச் சொல்லும், பிறகு "லெஸ்ட் வீ ஃபர்கெட்" (மறவாதிருப்போம்) என்பதையும். உடனே பியூகிள் என்னும் ஊதுகொம்பில் 'லாஸ்ட் போஸ்ட்' என்ற அஞ்சலி இசை ஒலிக்கும். அதைத் தொடர்ந்து ஒரு நிமிட மௌனம், சில இடங்களில் இரண்டு நிமிடம். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்: பியூகிள் நின்றதும் கைதட்டிவிடுவார்கள், அல்லது முடிந்துவிட்டது என்று நினைத்து நடக்கத் தொடங்குவார்கள். இரண்டாவது பியூகிள் ஒலிக்கும்வரை அசையக்கூடாது. அதன்பின் நாட்டுப்பண். அரைக்கம்பத்தில் இருந்த கொடி அப்போது மேலே போகலாம், நண்பகல்வரை அப்படியே இருக்கவும் செய்யலாம். தொப்பி போட்டிருந்தால் 'ஓட்' தொடங்கும்போது கழற்றுங்கள். தலைப்பாகை, முக்காடு கழற்ற வேண்டியதில்லை. கைபேசித் திரையின் வெளிச்சம்கூட அந்த இருட்டில் உறுத்தும். கைதட்டல் எல்லாம் காலையில் நடக்கும் அணிவகுப்புக்கு. அங்கே தாராளமாகத் தட்டலாம்.

சில ஊர்களில் துப்பாக்கி வேட்டும் போர் விமானப் பறப்பும் உண்டு. போருக்குள்ளிருந்து தப்பி வந்தவர்கள் நம்மிடையே பலர். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் நிகழ்ச்சி நிரலை முன்பே கேட்டுவைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள், நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாம். போகாமல் இருப்பதும் தப்பில்லை. எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை.

சட்டையில் குத்துவது ஏப்ரலில் ரோஸ்மேரிக் கொத்து. கலிப்போலி மலைகளில் அது காடாக வளர்கிறது. சிவப்புப் பாப்பிப் பூ, முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11க்கு உரியது என்றாலும் அன்சாக் தினத்திலும் பலர் அணிகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. பதக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும்: தான் பெற்றதை இடது மார்பிலும், தாத்தா பெற்றதை வலது மார்பிலும் அணிய வேண்டும். பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்த முன்னோரின் பதக்கம் வீட்டில் இருந்தால் அதற்கும் இதே விதி.

பள்ளியிலிருந்து பிள்ளைகள் அன்சாக் பிஸ்கட் செய்முறையோடு வருவார்கள். முட்டை இல்லாத பண்டம் என்பதால் நம் வீடுகளுக்கு வசதி. மைதா, ரோல்டு ஓட்ஸ், உலர்ந்த தேங்காய்த் துருவல் ஒவ்வொன்றும் ஒரு கப், சர்க்கரை முக்கால் கப். 125 கிராம் வெண்ணெயை இரண்டு மேசைக்கரண்டி கோல்டன் சிரப்போடு உருக்கி, இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்த ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவை அதில் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். எல்லாம் கலந்து உருட்டி, தட்டில் இடைவெளி விட்டு வைத்து, 160 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். வெளியே எடுக்கும்போது மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று திரும்ப உள்ளே வைத்தால் ஆறியபின் பல்லை உடைக்கும். அதைக் 'குக்கி' என்று விற்கவும் முடியாது: 'அன்சாக்' என்ற பெயர் 1921ஆம் ஆண்டு விதிகளால் பாதுகாக்கப்பட்டது, வணிகத்துக்குப் பயன்படுத்த அரசின் அனுமதி வேண்டும். மரபான செய்முறையில் செய்து பிஸ்கட் என்றே விற்றால் தொல்லையில்லை.

இந்த நினைவில் நமக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் சிட்னி ஹைட் பார்க்கின் தென்கிழக்கு மூலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நிற்பது ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனின் பீரங்கி. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே எம்டன்தான். முதல் அன்சாக் வீரர்களைக் கொழும்பு வழியாக ஏற்றிச் சென்ற கப்பல் வரிசைக்குக் காவலாக வந்த 'சிட்னி' போர்க்கப்பல், நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே அதை அழித்தது. கலிப்போலியில் முதல் நாளே அன்சாக் படையோடு இறங்கியது இந்திய மலைப் பீரங்கிப் படை. தண்ணீரும் குண்டும் சுமந்தவை இந்தியர்கள் ஓட்டிய கோவேறு கழுதைகள். அன்சாக் படைத் தளபதி பேர்ட்வுட்டுக்குக் காவல் நின்றவர்களில் இலங்கைத் தோட்டத் துரைமார்களின் படையும் இருந்தது. (கூலிகளை மேய்த்த துரைமார்கள்தான், கூலிகள் அல்ல.)

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போடவைத்த சயாம் மரண ரயில் பாதை இன்னும் நெருக்கம். அங்கே ஜப்பானியர்களிடம் கைதிகளாக இருந்த ஆஸ்திரேலியர் சுமார் 13,000 பேரில் 2,800 பேர் இறந்தார்கள். தாய்லாந்தின் ஹெல்ஃபயர் கணவாயில் ஏப்ரல் 25 விடியலில் அவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது, காஞ்சனபுரி கல்லறையில் அவர்களில் பலருக்குப் பெயரோடு கல் இருக்கிறது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். ஆளுக்கொரு கல் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இந்த மண்ணிலேயே விடுபட்டவர்கள் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களைப் படையிலிருந்து விலக்கிய சட்டம் இருந்தும், முதல் போருக்கு ஆயிரம் பழங்குடியினராவது போனார்கள். திரும்பி வந்தபோது மற்ற வீரர்களுக்குக் கிடைத்த நிலம் அவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. வெள்ளைக் குடியேறிகளுக்கும் பழங்குடியினருக்கும் நடந்த எல்லைப் போர்களைக் கான்பெரா போர் நினைவகம் எவ்வளவு காட்ட வேண்டும் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. 2025இல் மெல்பர்ன் விடியல் அஞ்சலியில் பழங்குடி வரவேற்புரையின்போது சிலர் கூச்சலிட்டார்கள். அலுவலகத் தேநீர் மேசையில் இந்தப் பேச்சு எழுந்தால், முதல் ஆண்டில் கேட்டுக்கொண்டிருப்பதே நல்லது.

பெரிய கடைகள் மதியம்வரையாவது திறக்காது, நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்; பாலும் காய்கறியும் 24ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். குடியுரிமைத் தேர்வுக்கான அரசுக் கையேட்டிலும் இந்த நாள் வருகிறது, படித்து வையுங்கள். பிற்பகலில் நியூ சவுத் வேல்ஸ் மதுக்கூடங்களில் 'டூ-அப்' ஆடுவார்கள்: தட்டையான சிறு மரத்துண்டில் இரண்டு காசுகளை வைத்துச் சுண்டி, தலையா பூவா என்று பந்தயம். அட்டை செல்லாது, ரொக்கம் வேண்டும். பக்கத்தில் நிற்பவரோடு நேரடியாகத்தான் பந்தயம் கட்ட வேண்டும். பணத்தைத் தலைக்கு மேல் பிடித்தால் 'தலை' என்று அர்த்தம்.